சல்லடையில் நின்றது

தபாலில் ஒரு துணிப்பை வந்தது, ஓரம் கிழிந்து.
மேசையில் வைத்ததும் சலசலத்தது.
தஞ்சாவூரில் இந்த ஆய்வுக்கூடத்தில்
பதினோரு வருஷம்,
மண் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.
வருவதெல்லாம்
பாபநாசத்துக் களி, ஒரத்தநாட்டுச் செம்மண்,
திருவாரூர்ப் பக்கத்துக் கருப்பு;
பையோடு ஒட்டிக்கொண்டு
வெளியே வரப் பிடிவாதம் பண்ணுகிற மண்.

அனுப்பியவர் குஞ்சிதபாதம்.
வெண்ணாற்றங்கரை முகவரியை அடித்து
மேலே வேறொன்று எழுதியிருந்தார்.
புறவழிச்சாலைக்குப் போன மூன்று மா நிலத்தின் பணத்தில்
மலையின் மழை படாத பக்கம்
நாலு ஏக்கர் சரிவு வாங்கியிருக்கிறார்.
‘விலை சல்லிசு’ என்று எழுதி
பிறகு அதையும் அடித்திருந்தார்.

படிவம் எங்களுடையது.
சமதரைக்காரர்கள் அச்சடித்தது.
மேல்மண் அரையடி ஆழத்துக்கு எடுக்கவும் என்றால்
‘நாலு விரல்தான். அப்புறம் பாறை.
மண்வெட்டி முனை மழுங்கிப்போச்சு.’
பாசனம் ஆறா, வாய்க்காலா, போரா?
மூன்றையும் தாண்டி, ஓரத்தில்
பனி
என்று மட்டும்.
சரிவுக்கு அதில் கட்டமே கிடையாது.
அவரே கோடு கிழித்து ஒன்று போட்டிருந்தார்:
‘எங்க நின்னாலும் ஒரு கால் மடங்கியே இருக்கு.’

எங்களுக்குச் சரிவென்றால்
கல்லணையிலிருந்து கடல்வரை
தண்ணீருக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.
கல்லென்றால் கோயிலில். அதுவும் வெளியூர்க் கல்.
மாங்காய் அடிக்கிற பிள்ளைகள்கூட
வரப்பில் கட்டி பெயர்த்துத்தான் எறியும்.

நிழலில் உலர்த்தினேன். உலர்த்த ஒன்றுமில்லை.
மரச்சுத்தியலால் தட்டினேன்.
கட்டியை உடைக்கலாம், கல்லை உடைக்கக் கூடாது.
எது கட்டி எது கல் என்று
கை கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டது.
பிறகு இரண்டு மில்லிமீட்டர் சல்லடை.
கீழே விழுந்தால் மண்.
மேலே நின்றால் மண் இல்லை, கொட்டிவிடலாம்.
ஒரு கிலோவில்
அறுநூற்று நாற்பது கிராம் மேலே நின்றது.

நின்றதில் ஒன்று புளியங்கொட்டை அளவு.
அதைச் சுற்றி மயிர்போல ஒரு வேர்,
இரண்டரைச் சுற்று.
லூர்துமேரி நகத்தால் இழுத்துப் பார்த்தாள்.
வீங்கிய விரலில் மோதிரம் கழற்றத் தோற்றவள் மாதிரி
திருப்பித் தந்தாள்.
‘விட மாட்டேங்குது அக்கா.’

தழைச்சத்து குறைவு. மணிச்சத்து குறைவு.
சாம்பல்சத்து நடுத்தரம்.
உவர் இல்லை.
உப்புகூடத் தங்க இடமில்லை போல.
இதெல்லாம் விழுந்த முந்நூற்று அறுபதைப் பற்றித்தான்.

கடைசியில் கணினி பயிர் கேட்கும்.
காலியாக விட்டால் அறிக்கை வராது.
பட்டியலில் முதலில் நிற்பது குறுவை நெல்.
அவர் அந்த இடத்தில்
‘நீங்களே சொல்லுங்க’ என்று எழுதியிருந்தார்.
‘மற்றவை’யைத் தட்டி நான் எழுதினேன்:
ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. பெயர் தெரியவில்லை.
அதைப் பிடுங்க வேண்டாம்.

அலுவலர் அதை அடித்துவிட்டு
கொள்ளு என்று போட்டுக் கையெழுத்திட்டார்.
கொள்ளும் நல்லதுதான்.

நின்றவற்றை அதே பையில் கட்டி
கிழிசலைத் தைத்து
அறிக்கையோடு அனுப்பினேன்.
ஆய்வுக் கட்டணத்தைவிடத் தபால் செலவு அதிகம்.
‘உள்ள என்ன?’ என்றார் கவுண்டரில்.
மண் என்றேன்.
அவர் பையைக் குலுக்கிப் பார்த்துவிட்டு
என்னைப் பார்த்தார்.

சாயங்காலம் பேருந்துக்கு நேரமிருந்தது.
ஆற்றங்கரைச் சரிவில் இறங்கி
ஒரு காலை மேலே, ஒன்றைக் கீழே வைத்து
நின்று பார்த்தேன்.
கீழே முறைவைத்த தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.
முழங்கால் வலிக்க
நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.