முன்கொண்டு வந்த மீதி

கோட்டையிலிருந்து கொழும்புத்துறை வரை
வரைபடத்தில் அது ஒரு நீலக் கோடு.
குருநகரில் கொஞ்சம் வளைந்து
பாசையூரில் காயும் வலைகளைக் கண்டு
திடுக்கிட்டதுபோல் ஒதுங்கும்.
பொறியியலாளர் கைலைநாதன்
அதை நகத்தால் ஓட்டிக் காட்டினார்.
"ட்ராம்" என்றார்.
கடைசி வாங்கிலிருந்து யாரோ "டிங் டிங்" என்றார்கள்.
சபை சிரித்தது. தேநீர் வந்தது.

நான் நிதிப் பிரிவு.
நீலக் கோட்டுக்குக் கீழே
சிவப்புக் கோடு போடுகிற வேலை எனக்கு.
ஒரு மீற்றருக்கு முப்பது இலட்சம்.
சேற்றுக்கு மேல் கல், கல்லுக்கு மேல் கொங்கிறீற்,
உப்புக்கு ஒரு தனிச் சதவீதம்.
இந்தக் களப்புக் காற்று
சைக்கிள் செயினை மூன்று மாதத்தில் தின்னும்.

கொழும்புக்கு எழுதினோம்.
கவனத்தில் எடுக்கப்பட்டது என்று வந்தது.
வங்கிக்கு எழுதினோம்.
எத்தனை பேர் ஏறுவார்கள் என்று வந்தது.

அதற்காக விடியப்புறம் நாலரைக்கு
பாசையூர்ச் சந்தியில் கொப்பியோடு நின்றேன்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
நடந்து போனவர், சைக்கிளில் போனவர்,
ஓட்டோவுக்குள் ஐந்து பேராய் மடிந்து போனவர்.
ஒரு நண்டுப் பெட்டி
தனியே ஒரு சீற்றில் இருந்து போனது.
அதையும் ஒரு கோடாய்ப் போட்டேன்.
போதவில்லை.

வெளிநாட்டுக்கும் எழுதினோம்.
பதில் ஒரே இரவில்.
ஸ்காபரோவிலிருந்து ஒருவர்:
முதலாவது தரிப்பிடம் தன்னுடையது,
அப்பாவின் பெயர், கருங்கல், பொன்னெழுத்து.
ஒஸ்லோவிலிருந்து சகோதரிகள் மூவர்:
அம்மாவின் பெயரில் நிழற்குடை, படமும் வைக்கலாமா?
ஒரு பழைய மாணவர் சங்கம் இரண்டாவதைக் கேட்க
மற்றப் பழைய மாணவர் சங்கம்
அதற்கு முன்னால் ஒன்று கேட்டது.
எட்டுத் தரிப்பிடம் என்றிருந்த திட்டத்தில்
பத்தொன்பதுக்குக் காசு நிற்கிறது.
தண்டவாளத்துக்கு ஒரு சதமும் இல்லை.
தண்டவாளத்தில் பெயர் வெட்டேலாது.
வெட்டினாலும்
சில்லு ஓடித் தேய்த்துவிடும்.

மேம்பாட்டு வரி என்றொரு யோசனையும் இருந்தது:
தடம் போனால் காணி விலை ஏறும்,
ஏறுகிற விலையில் நகருக்கொரு பங்கு.
கரையோரக் காணிக்காரர் கூட்டத்துக்கு வந்து
தங்கள் காணி விலை ஏறவே ஏறாது என்று
கோபமாய்ச் சொன்னார்கள்.
அந்த ஞாயிறு பத்திரிகையில்
"கடல் பார்த்த காணி, ட்ராம் வரவுள்ளது."

மாசியில் ஒரு பின்னேரம் யசிந்தா வந்தா.
நண்டு விற்கிறவ.
முழங்கையில் ஒரு செதில் மினுங்கிக்கொண்டிருந்தது.
"தண்டவாளத்துக்கு ஆளில்லையாம்" எண்டா.
ஐந்நூறு ரூபாத் தாள், ஈரம்.
கணக்குப் பார்த்தேன். இதற்கு
ஒரு மில்லிமீற்றரில் ஆறிலொரு பங்கு வரும்.
"அதெவ்வளவு?"
தங்கூசியின் தடிப்பு, அக்கா.
"தங்கூசியோ..."
கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்தா.
"அதுக்கென்ன குறை. பெட்டியை ஏத்த விடுவினமோ
எண்டு கேட்டு வையுங்கோ. துண்டைத் தாங்கோ."

பெட்டி பற்றி விதி எதுவும் எழுதப்படவில்லை.
வருமானத் தலைப்பு ஒன்றும் பொருந்தவில்லை.
"ஏனையவை" என்றெழுதிப் பற்றுச்சீட்டைக் கிழித்தேன்.
வருட முடிவில் கணக்காய்வு கேட்டது:
தண்டவாளம் எங்கே?
இல்லையேல் பணத்தைத் திருப்பு.
கொண்டுபோனேன். யசிந்தா கை நீட்டவில்லை.
துண்டு தன்னட்ட இருக்காம்,
பைபிளுக்குள்ள.

கைலைநாதன் ஓய்வு பெற்றுவிட்டார்.
நீலக் கோடு
அலுமாரிக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிறது.
பத்தொன்பது பெயர்களின் பிள்ளைகளும்
கல் வெட்டியாயிற்றா என்று அழைப்பெடுக்கிறார்கள்,
எங்களுக்கு நடுச்சாமம் என்பதை மறந்து.

தை முதலாந் திகதி,
புதுப் பேரேடு, பசை மணம்.
முதற் பக்கத்தில் எழுதுகிறேன்:
முன்கொண்டு வந்த மீதி, ட்ராம், ரூபா ஐந்நூறு.
ஓரத்தில், பென்சிலால்:
பெட்டி ஏறலாமா?