மற்றவை

யூனியன் பிளேஸ் கந்தோரில் ஆறு கதிரைகள் இருந்தன.
இப்போது இரண்டு.
ஒன்றில் நான். மற்றதில்
வருகிறவர்கள் பையை வைக்கிறார்கள்.

ஆட்களை நகர்த்துவது எங்கள் தொழில்.
கம்பனி இடம் மாற்றும் அதிகாரிக்கு வீடு,
பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், நாய்க்குத் தடுப்பூசித் தாள்,
கப்பலில் வரும் பியானோவுக்காகச் சுங்கத்தில் ஒரு சொல்.
இருபத்திரண்டு வருடமாய்
ஊரார் வீட்டுத் திறப்புகள் என் கைப்பைக்குள் கிலுங்கின.

போன மார்கழியில் மென்பொருள் வந்தது.
துறைமுக வேலைக்கு வரும் டென்மார்க்காரர் யெப்பே
நடுச்சாமத்தில் கேட்ட கேள்விக்கு
நான் மறுபக்கம் புரண்டு படுக்குமுன்
ஒன்பது வீடு, மூன்று பள்ளிக்கூடம்,
காலை நெரிசலில் எதற்கு எத்தனை நிமிடம்,
எல்லாம் எழுதி அனுப்பிவிட்டது.
பிழை பிடிக்கத்தான் வாசித்தேன். கிடைக்கவில்லை.

முதலில் போனவள் மஃப்ரூஹா, விசாப் படிவக்காரி.
பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும்
விண்ணப்பம் திரும்பி வரும் என்று
பத்து வருடம் எங்களுக்குச் சொன்னவள்.
பிரியாவிடைக் கேக்கில்
அவள் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள்.
சிரித்துக்கொண்டே வெட்டினாள்,
பிசகிய எழுத்திலிருந்து.

எனக்கு மிஞ்சியது குறிப்பு எழுதும் வேலை.
கிருலப்பனைக் கால்வாயோர வீட்டை
'நீரோரக் காட்சி' என்று போட்டிருந்தது.
'வைகாசி மழைக்கு வாசலில் கார் மிதக்கும்' என்று எழுதினேன்.
மறுநாள் ஒரு ஜப்பானியருக்கு
அதையே சொந்த அனுபவம்போலச் சொல்லிக்கொண்டிருந்தது.
ஒன்றை மட்டும் நான் எழுதவில்லை:
ஹவ்லொக் வீதியில் ஒரு வீட்டுக்காரர்
என் பெயரைக் கேட்டால்
'போன கிழமையே வீடு போய்விட்டது' என்பார்.
மென்பொருளுக்கு, இருக்கிறது என்று பதில் போடுகிறார்.
அதற்குத் தமிழ்ப் பெயர் இல்லை.

பிறகு, இணையத்தளத்தை மூன்று மொழியிலும் போடச் சொன்னார்கள்.
ஒரு மூச்சில் மொழிபெயர்த்தது:
'உங்கள் இடம்பெயர்வை இனிமையாக்குகிறோம்.'
'தமிழ் சரிதானே?' என்றார் முகாமையாளர் ட்ரெவின்.
இலக்கணம் சரி.
ஆனால் அந்தச் சொல்லுக்குள் நான் படுத்து எழும்பியிருக்கிறேன்.
வாங்குகளை ஒதுக்கிய வகுப்பறை,
அழிக்க ஆளில்லாமல் பலகையில்
பாதியில் நின்ற ஒரு பெருக்கல் கணக்கு.
எனக்குப் பதினாலு வயது. விடையை நானே எழுதினேன்.
'வேறு சொல் போடலாம்' என்றேன்.
ஏழு சொற்களை நீட்டியது.
ஏழும் புதுச் சப்பாத்துப்போல் கடித்தன.

புதிய படிவத்தைச் சோதித்துப் பார்க்கச் சொன்னபோது
வெறுமனே என் விபரத்தைக் கொடுத்தேன்.
முந்தைய முகவரிகள்: எட்டு.
கொட்டாஞ்சேனை லொட்ஜுக்கு இலக்கம் ஞாபகமில்லை.
வெளியேறிய காரணம்:
பதவி உயர்வு, இடமாற்றம், குடும்பம், மற்றவை.
மற்றவை. மற்றவை. மற்றவை.
கொண்டுசென்ற பொருட்களின் கனஅளவு?
ஒரு சைக்கிள் பாரம் என்று அடித்தேன்;
இலக்கத்தில் தரவும் என்றது, சிவப்பில்.
அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்ற இடத்தில்
மூடிவிட்டு எழும்பினேன்.

மூன்று நாளுக்கு ஒருமுறை அது நினைவூட்டுகிறது:
'உங்கள் நகர்வு இன்னும் நிறைவடையவில்லை. தொடரலாமா?'
கோபமில்லை. மரியாதையாகத்தான் கேட்கிறது.
இன்றும் கேட்டது, பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தபோது.
அதற்குள் யெப்பேயின் மனைவி அழைத்தாள்.
குழாயில் தண்ணீர் வரவில்லையாம்,
மென்பொருள் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டதாம்.

மோட்டர் சுவிட்ச் படிக்குக் கீழே இருக்கிறது என்றேன்,
மீட்டர்ப் பெட்டிக்குப் பின்னால்.
கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கோ.
கொஞ்சம் இறுக்கம்.