மைனஸ் முப்பத்தொன்றில் திறந்த ஜன்னல்கள்

நகராட்சி எனக்குத் தந்தது
மூன்றாம் மாடியில் ஓர் அறை,
பூட்டில்லாத பீரோ,
கதவில் ஒட்ட ஒரு காகிதம்:
"நகர எரிசக்திச் சிக்கனம் மற்றும்
புதுப்பிக்கத்தக்க ஆற்றல் திட்டம்."
கதவைவிடக் காகிதம் அகலம்.
"திட்டம்" மடிந்து சுவருக்குப் போயிற்று.

அறையில் வெக்கை.
வெளியே ஸ்டெப்பிக் காற்றில் மைனஸ் முப்பத்தொன்று.
ரேடியேட்டரில் திருக எதுவும் இல்லை.
கட்டியவர்கள் வைக்கவே இல்லை;
நிலக்கரிமேல் உட்கார்ந்திருக்கும் ஊரில்
சூட்டைக் குறைப்பது பற்றி
யாருக்குத் தோன்றியிருக்கும்?
எல்லாரும் செய்வதை நானும் செய்தேன்:
ஜன்னலைத் திறந்தேன்.
திட்டத்தின் முதல் நடவடிக்கை அதுதான்.
கோப்பில் எழுதவில்லை.

வெப்பம் பார்க்கும் கேமரா
தீயணைப்பு நிலையத்தில் இரவல், வெள்ளி வரைக்கும்.
டிரைவர் ஜான்போலத் எஞ்சினை அணைக்க மாட்டான்,
அணைத்தால் வசந்தத்தில்தான் கிளம்புமாம்.
பதினேழாம் எண் கட்டிடத்தின் முன்
இரவு பதினொன்றுக்குத் திரையைப் பார்த்தோம்.
ஒன்பதாம் மாடி
அடுப்பில் மறந்துவிட்ட சட்டி.
ஜன்னலுக்கு ஜன்னல் செந்நாக்கு
வானத்தை நக்கிக்கொண்டிருந்தது.
கீழே இறங்க இறங்க மஞ்சள், பச்சை;
தரைத்தளத்தின் கடைசி மூலையில்
கத்தரிப்பூ நிறம்.
"அங்கே ஆள் இல்லை போல" என்றான்.
விளக்கு எரிந்தது.

லிதியா ஃபியோதரவ்னா
ஓவர்கோட்டோடு கதவைத் திறந்தார்.
குழாயின் கடைசி வீடு. பதின்மூன்று டிகிரி.
கையுறையில் விரல் நுனிகளை வெட்டிவிட்டிருந்தார்,
குறுக்கெழுத்து நிரப்ப.
மேலே குஸ்மா ஸ்தெபானிச்
பனியனோடு ஐஸ்கிரீம் தின்றார்,
ஜன்னலோரம் எலுமிச்சைச் செடி.
இருவருக்கும் ஒரே பில்,
சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று.
மீட்டர் என்ற சொல்லுக்கு அந்தக் கட்டிடத்தில்
வேறு பொருள் கிடையாது.

கூட்டத்தில் வால்வு கேட்டேன்.
இருநூற்றுப் பதினாறு வால்வு,
வாசல் கதவுகளுக்கு ஸ்பிரிங்,
அடித்தளக் குழாய்களுக்கு ஒரு போர்வை.
துணை மேயர் பொறுமைசாலி.
"ரௌஷான், வால்வை யார் படம் எடுப்பார்கள்?"
ஆகவே பள்ளிக்கூடக் கூரையில்
பன்னிரண்டு சூரியத் தகடுகள், ரிப்பன், கத்தரிக்கோல்.
மிச்சப் பணம் வால்வுக்கு.
ஒரே ஒரு கட்டிடத்துக்குத்தான் வந்தது.

தகடுகளைக் குறை சொல்ல மாட்டேன்.
பனி விழுந்தால் ஜான்போலத் துடைப்பத்தோடு ஏறுவான்.
பனி என்றாலும் எங்கள் ஊர்ப் பனி,
பாதி கரித்தூள்.
கண் கூசும் ஒரு நண்பகலில்
ஆசிரியர் அறையிலிருந்து போன் வந்தது:
டீக்கெண்டி சூரியனிலேயே கொதித்துவிட்டதாம்.
நானும் அவனும் கொஞ்ச நேரம்
ஒன்றும் பேசாமல் இருந்தோம்.

வால்வுகளை ஆகஸ்டில்,
குழாய்கள் வற்றிக் கிடந்தபோது, ஒராஸ் பொருத்தினார்.
அவருக்கும் பழைய இரும்புக்கும் நடந்த வாக்குவாதம்
அச்சில் ஏறாது.

அக்டோபரில் சூடு வந்தது.
இந்த முறை கடைசி மூலை வரை நடந்தே வந்தது.
மூன்றாம் வாரம் மனுவும் வந்தது:
"எங்கள் சூட்டைத் திருடிய அதிகாரிமேல்
நடவடிக்கை எடுக்கவும்."
நாற்பத்தொரு கையெழுத்து.
முதலாவது குஸ்மா,
இலை உதிர்த்த எலுமிச்சையின் புகைப்படத்தோடு.
முப்பத்தெட்டாவது
லிதியா ஃபியோதரவ்னா.

நேரே போய்க் கேட்டேன்.
"ஒரே வாசலில் இருக்கிறவர்கள் கேட்கிறார்கள்,
போடாமல் எப்படி?"
அரைக்கைச் சட்டையில் இருந்தார்.
கோட்டு ஆணியில் தொங்கியது.
"இப்போதுதான் கவனிக்கிறேன்,
இந்தத் திரைச்சீலையைத் துவைக்க வேண்டும்."

அலுவலகத்துக்கு வந்து மனுவை மறுபடி பார்த்தேன்.
போன ஜனவரியில் என் கணக்கெடுப்புத் தாளில்
அவர் கையெழுத்து நெளிந்த புழு.
இதில் எழுத்துகள் ஒவ்வொன்றும் தனியாக,
சுழிகள் எல்லாம் மூடி.
என்னிடமிருந்த அளவீடுகளில் இதுவே துல்லியம்.
பூட்டில்லாத பீரோவில்
"முடிவுகள்" என்ற கோப்பில் வைத்தேன்.

என் அறைக்கு இன்னும் வால்வு வரவில்லை.
ஜன்னலைத் திறந்தேன்.