காத்திருப்புக் கட்டணம்

நாலு மணிக்கு ஆறு பிள்ளைகளை இறக்குவேன்,
எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் நீலக் கூரை போட்ட அகாடமி.
பேட்மின்டன் மட்டைகள், நீச்சல் கண்ணாடிகள்,
தூக்குகிறவனை விடக் கனமான ஒரு கிரிக்கெட் பை.
விஹான் எப்போதும் கடைசி.
ஷூ நாடாவை வேண்டுமென்றே அவிழ்த்துவிட்டுக்
கட்டச் சொல்வான்.
"மழை வருமா அங்கிள்?"
வந்தா என்னப்பா, மேலே கூரை இருக்கே.

அப்புறம் ஒன்றரை மணி நேரம் சும்மா.
மீட்டர் அணைந்திருக்கும்.
கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கிற கட்டணத்தை
முதல் வாரம் படித்தேன்,
மூன்று மாதத்துக்கு என் இரண்டு மாத வாடகை.
பிறகு வண்டியை எதிர்ப்பக்கம் பார்க்க நிறுத்தப் பழகிக்கொண்டேன்.

காவலாளி பஸவண்ணப்பாவுக்குக் கணக்கு பிடிக்கும்.
"குட்டிப் பசங்களில் பொண்ணும் பையனும் சமம்.
பன்னிரண்டு தாண்டினா பொண்ணுங்களைக் காணோம், பாருங்க.
டியூஷனாம்."
இவ்வளவு பணம் இருந்துமா என்று
நானும் சேர்ந்து சிரித்தேன்.

என் மகள் எப்சிபாவுக்குப் பதின்மூன்று.

அரசுப் பள்ளி பி.டி. சார் ஈஜிபுரா வரை தேடி வந்தார்.
நானூறு மீட்டருக்கு இவள் காலைத் தயார் செய்யலாம்,
காலை ஆறு மணி, பள்ளி மைதானம்,
காசு வேண்டாம் என்றார்.
காசு வேண்டாம் என்றதும் எனக்குக் கோபம் வந்தது.
வேறு காரணம் தேட வேண்டியிருந்ததே.

இருட்டு என்றேன். நாய் என்றேன்.
அரை டவுசரா என்றேன்.
கடைசியில் தண்ணீர் என்றேன். அது பொய்யில்லை:
ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்தே முக்காலுக்கு வரும்,
ஆறரைக்கு நின்றுவிடும்.
எஸ்தர் ஐந்தரைக்கே அபார்ட்மென்டில் அடுப்புப் பற்றவைக்கப் போய்விடுவாள்.
ஏழு மணிக்கு என் ஸ்கூல் ட்ரிப், அதுவரை தூக்கம்.
பதினொரு குடம், எப்சிபா.

யாபேஸ் பதினைந்து வயசுப் பையன்.
ராத்திரி பத்து வரை சந்தில் கிரிக்கெட்,
காலையில் எட்டு வரை போர்வை.
அவனை எழுப்பலாம் என்று
எனக்குத் தோன்றவே இல்லை.
தோன்றி மறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அவள் சண்டை போடவில்லை.
ஒருநாள் விழிப்பு வந்து படுத்தே கிடந்தேன்,
பக்கத்து வீட்டுத் தஸ்லீமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:
குழாயிலிருந்து வாசலுக்கு நாற்பத்து நாலு எட்டு,
நேத்து முப்பத்தொன்பதில் வந்துட்டேன்,
குடம் தளும்பவே இல்லை.

அந்த வியாழன்
விஹான் நாடாவை அவிழ்த்துவிட்டு,
"நான் வரலைன்னு சொல்லிடுங்க அங்கிள்" என்றான்.
இரட்டை முடிச்சுப் போட்டேன்.
கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன்.
மேசை மேல் பதிவேடு. அவன் பெயருக்கு நேரே
இன்றைய கட்டம் காலியாக, காத்துக்கொண்டு.
எங்கள் பிள்ளை வரவில்லை என்று குறிக்கக்கூட
எங்கும் ஒரு கட்டம் கிடையாது.

சனிக்கிழமை, தண்ணீர் நாள்.
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு
பெண்கள் வரிசையில் நான் நின்றேன்.
புஷ்பராணிக்கு ஆச்சரியம். "எப்சிபா எங்கே?"
"ஓடப் போயிருக்கா."
"ஓடிப் போயிட்டாளா!"
வரிசையே திரும்பியது. யாரோ "ஐயோ" என்றாள்.
யாரோ பையன் பெயர்கூட யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஓட, அம்மா, ஓட!
மைதானத்தில், வட்டமாக,
போன இடத்துக்கே திரும்பி வருகிற ஓட்டம்,
என்று சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

யாபேஸ் கண்ணைத் தேய்த்துக்கொண்டே வந்து
நாலாவது குடத்தைத் தூக்கினான்.
பாதி வழியில் பாதி கொட்டினான்.
ஏழு குடம்தான் நிரம்பியது, குழாய் இருமிவிட்டு நின்றது.
மீதி நாலையும் கவிழ்த்து வைத்தேன்.
ஆறே முக்கால்.
அவள் இன்னும் வரவில்லை.
வண்டியைக் கிளப்பாமல் நின்றிருந்தேன்.