பதினான்காம் விதி

ஹட்டனில், இரும்புக்கடைக்கு மேல்மாடியில்
எட்டுக் கணினி, ஒரு கேத்தல்,
மூலையில் காயாத குடைகள்.
முகம் அழிப்பது என் வேலை.

ஐரோப்பாவின் தெருக்கள் வரும், படம் படமாக,
காரின் தலையில் கெமரா கட்டி
யாரோ ஓட்டிப் போன தெருக்கள்.
அங்கே சட்டம் இருக்கிறது:
வழியில் போகிறவர் முகத்தை
அப்படியே ஊருக்குக் காட்டக் கூடாது.
ஆகவே நான் பெட்டி போடுகிறேன்.
நாயைப் பிடித்து நிற்கும் கிழவர், பெட்டி.
சன்னலில் பாதி தெரியும் பெண்,
அவள் கையிலிருக்கும் கோப்பையை விட்டுவிட்டு, பெட்டி.
பெட்டிக்குள் பனி இறங்கும்.
பனி எனக்குப் புதிதல்ல.
நான் பார்த்து முடித்த பிறகுதான்
அவர்களை யாரும் பார்க்க முடியாமல் போகிறது.

படத்துக்கு இரண்டு ரூபாய் எழுபது சதம்.
பிழைக்கு ஐந்து ரூபாய் வெட்டு.

விதிப்புத்தகம் நாற்பது பக்கம்.
ரிஃப்கான் சேர் தமிழில் சொல்லித் தந்தார்.
குழந்தை வண்டிக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும்.
கண்ணாடியில் விழும் முகமும் முகமே.
பதினான்காவது மட்டும் சுலபம்:
சிலை, பொம்மை, விளம்பரம்.
தொடாதே. அவை ஆட்கள் இல்லை.

ஐப்பசி மழையில் கரண்ட் இரண்டு தடவை போய் வந்த
ஒரு பிற்பகல்.
ஏதோ ஓர் ஊர். டிராம் தண்டவாளம்.
தரிப்பிடத்தில் நான்கு பேர். நால்வரையும் மூடினேன்.
அவர்களுக்குப் பின்னால், கண்ணாடிக்குள்,
ஆளுயரத்துக்கும் மேலே
தேயிலை விளம்பரம்.

அம்மா.

முதுகில் கூடை. கூடை அவளுடையதல்ல.
எங்கள் மேற்கணக்கில் இப்போது உரப்பையில்தான் கொழுந்து.
சிரிப்பு அவளுடையது.
விழுந்த முன்பல் மட்டும் திரும்ப முளைத்திருந்தது.
கேட்டிருப்பார்கள்,
துரையிடம்.

அந்தச் சட்டத்தில்
என் படத்தை எடு என்று எழுதிக் கேட்கலாமாம்.
ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டுமாம்.
பதில் எங்கே வரும்?
லயத்துக்கு இலக்கமில்லை,
கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வரும்.
என் பரீட்சை முடிவு வந்தபோது
பிரட்டுக்களத்தில் வைத்துக் கிளாக்கர் ஐயா
என்னைப் பாராட்டினார்.
இரண்டு நாள் கழித்துத்தான்
உறை என் கைக்கு வந்தது, கிழிந்து.

பெட்டி போட்டேன்.
மலை நின்றது, கூடை நின்றது.
அம்மா பனிக்குள் போனாள்.

நான்கு மணிக்குத் திரும்பி வந்தது படம்.
சிவப்பில் ஒரு வரி:
பிழை. விதி பதினான்கு. இது ஆள் இல்லை.

ரிஃப்கான் சேர் திரையைப் பார்த்தார்,
பிறகு என் முகத்தைப் பார்த்தார்,
பிறகு நெடுநேரம் கேத்தலைப் பார்த்தார்.
"எடுத்துவிடுங்க தங்கச்சி. மேலே எண்ணுவாங்க."
ஒரு விசைதான்.
முகமில்லாத நான்கு மனிதர்களின் பின்னே
புதுப்பல்லோடு சிரித்தாள்,
துல்லியமாக.

கடைசி பஸ்ஸில் வீடு.
சிலம்பாயியின் விரலை மெசின் இன்றும் எடுக்கவில்லையாம்.
நிறுவைத் தராசோடு புதிதாகப் பூட்டிய பெட்டி அது.
கொழுந்துக் கறை ஏறி ரேகை தேய்ந்த கட்டைவிரல்.
மூன்று தடவை வைத்தாளாம்,
மூன்று தடவையும் நீ இல்லை என்றதாம்.
கணக்கப்பிள்ளை கையால் எழுதினார்:
பதினாறு கிலோ, அரைப்பேர்.
எங்கள் பக்கம் அரைநாள் சம்பளத்துக்கு
அதுதான் சொல்.
அதைச் சொல்லிச் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு.

"எனக்கும் அஞ்சு ரூவா வெட்டு" என்றேன்.
"என்னத்துக்கு?"
"ஆள் இல்லாத எடத்துல பெட்டி போட்டுட்டேன்."

"கவனமா பாத்து செய் புள்ள" என்றாள்.
பாதித் தேசிக்காயை எடுத்து
கட்டைவிரலில் தேய்த்துக்கொண்டிருந்தாள்,
நாளைக் காலை நிறுவைக்கு.