நான்கு ஙோமி, இருபது

பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கனிபா
என் டப்பாவைக் கவிழ்த்தாள்.
வெள்ளைக் காசு ஒன்றைப் பொறுக்கி
"இது நூறு" என்றாள்.
"இருபது" என்றேன், வாணலியிலிருந்து கண் எடுக்காமல்.
"எழுதியிருக்கிறது அம்மா. ஒன்று, சுழி, சுழி."
"எழுதியவன் இந்தச் சந்தைக்கு வந்தானா?"

சொகோனிகோ பஸ் நிலையத்தின் பின்வாசலில்
காசை ஐந்து ஐந்தாகத்தான் வாய் எண்ணும்.
ஐந்து பிராங்க் எங்களுக்கு ஒன்று.
இருபத்தைந்து, ஐந்து.
நூறு, முகன். அதாவது இருபது.
இதை ஒரு கணக்கென்றே நான் நினைத்ததில்லை.
வெங்காயக்காரி சொல்வாள், கொடுப்பேன்,
மீதி சரியாக இருக்கும்.
சனோகோ டீச்சர் எண்ணுவதோ பிரெஞ்சில்;
அவருடைய நூறு நூறாகவே நிற்கிறது.

ஏழு வயசுத் தலைக்குள்
இரண்டு கடைகள் எதிரெதிரே திறந்தன.
மீன் பொறித்த அதே காசு
இந்தக் கடையில் ஒல்லி, அந்தக் கடையில் பருமன்.

"அப்படியானால் எனக்கு முப்பத்தைந்து வயசா?"
"வயசை அப்படி எண்ணுவதில்லை."
"ஆட்டை?"
"ஆடு ஆடுதான்."
"பல்லை?"
"வாயை மூடு, மாவு பொங்குகிறது."

காசுக்கு மட்டும் ஏன் என்றாள்.
எனக்கும் தெரியவில்லை.
பக்கத்தில் ரீசார்ஜ் போடும் பையனைக் கேட்டேன்.
தோளைக் குலுக்கினான்,
குலுக்கிக்கொண்டே ஆயிரம் பிராங்க் நோட்டொன்றை
"இருநூறு" என்று சொல்லி வாங்கிப் பையில் போட்டான்.

வியாழன் அந்தியில் நான் மாவு மில்லுக்குப் போயிருந்தேன்.
கொதோனுவிலிருந்து சரக்கோடு வந்த லாரி டிரைவர்,
எங்கள் பாஷையில் ஒரு சொல்லும் அறியாதவர்,
நான்கு ஙோமி கேட்டார்.
கனிபா என் விலையை எடுத்து
டீச்சரின் பிரெஞ்சில் சுற்றி நீட்டினாள்:
"இருபது."
அவர் கொஞ்சம் தயங்கினாராம்.
"காதைச் சொறிந்தார் அம்மா."
பிறகு இரண்டு பத்துகளை வைத்துவிட்டு
வேகமாகவே போனாராம்.

இரவு டப்பாவை எண்ணினோம்.
"பதினாறு குறைகிறது" என்றேன்.
"எண்பது" என்றாள்.
முதல் தடவையாக
இரண்டு கடையிலும் ஒரே ஓட்டை.

திட்டவில்லை என்று சொல்ல ஆசைதான்.
திட்டினேன்.
அழுது முடித்து, அடுப்புக்கரியால்
தரையில் கோடு போட ஆரம்பித்தாள்.
என் ஒவ்வொரு ஒன்றுக்கும் கீழே ஐந்து கோடு.
விளக்கை அணைக்கும்போது
என் ஒரு நாள் வியாபாரம்
படுக்கையைச் சுற்றிக்கொண்டு வாசலைத் தொட்டிருந்தது.

மறுநாள் விடியலில் டிரைவர் வந்தார்.
தனியாக இல்லை.
லோமேக்காரர் இருவர்,
தூக்கம் கலையாத கிளீனர் பையன் ஒருவன்,
எல்லார் உள்ளங்கையிலும் பத்துப் பத்தாகக் காசு.
உலகத்திலேயே மலிவான ஙோமி இங்கேதான் என்று
யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

கனிபா எண் எதுவும் சொல்லவில்லை.
பானை மூடியைத் திருப்பி வைத்து
அதன் நடுவே ஓர் இருபத்தைந்து பிராங்க் காசு.
பக்கத்தில் ஓர் ஙோமி.
காசைத் தொட்டாள். ஙோமியைத் தொட்டாள்.
லோமேக்காரர்கள் சிரித்தபடி கொடுத்தார்கள்.
கிளீனர் பையன் ஒன்றோடு நிறுத்திக்கொண்டான்.

டிரைவரும் இன்றையதைச் சரியாகவே கொடுத்தார்.
நேற்றையதைப் பற்றிப் பேசவில்லை.
அவள் பேசினாள்: "எண்பது."
மறுபடி காதைச் சொறிந்தார்.
ஒரு நூறை நீட்டினார்.
டப்பாவுக்குள் முழங்கை வரை கைவிட்டுத் துழாவி
இரண்டு பத்துகளை எடுத்து
அவர் கையில் வைத்து
"இருபது" என்றாள்.

கூட்டம் போனபின் பார்த்தால்
மாதிரிக் காசு எண்ணெயில் மூடியோடு ஒட்டிக் கிடந்தது.
கத்தியால் நெம்பப் போனேன்.
"இருக்கட்டும் அம்மா, நாளைக்கும் வேணும்."
ஐந்து போயிற்று, என் கணக்கில்.