ஆஃப்சைட்

கரண்ட் ஒன்பதுக்குத்தான்.
ஆட்டமோ ஏழுக்கு.
ஜெனரேட்டர் டீசலுக்கு ஆளுக்கு ஆயிரம் கியாட் போட்டோம்.
வேலாண்டி பங்கையும் நானே போட்டேன்,
அவன் மூன்று வாரமாக வரவில்லை என்றாலும்.

ஐம்பத்தோராம் தெரு டீக்கடையில்
பக்கத்து மேசையில் ஒரு புது முகம்.
மொஹிங்கா ஆறிப்போயும் தொடவில்லை.
நாங்கள் தமிழுக்கு மாறினோம்.

"கோச் நாற்காலியை விடமாட்டான்,
எத்தனை தோற்றாலும்" என்றான் தணிகாசலம்.
பந்தைப் பற்றித்தான், முனீஸ்வரன் சத்தியமாக.
அரிசி மூட்டை இந்த வாரமும் ரெண்டு கோல் முன்னால் என்றான்
ஊரில் கோ தூரா, வீட்டில் சிகாமணி.
எண்ணெய் பெனால்டி அடித்துவிட்டதாம்.

"இடது விங் எங்கே?"
"பார்டர் தாண்டி ட்ரான்ஸ்ஃபர்."
"நிஜமாகவா? இல்லை
அந்தப் பட்டியலில் செலக்ட் ஆகிவிட்டானா?"
தணிகாசலம் டீத்தூளை விரலால் கிளறினான்.
அவன் தம்பிக்குத் தை வந்தால் பதினெட்டு.

எண்பத்தெட்டாம் நிமிடம்
நம்ம சிவப்புச் சட்டை ஒருத்தன்
தனியாகப் பாய்கிறான், கோலிக்கும் அவனுக்கும் நடுவே யாருமில்லை,
ஜெனரேட்டர் இருமி நின்றது.

கும்மிருட்டு.
ஐம்பத்திரண்டாம் தெருவில் ஒரே கூச்சல்.
சந்தோஷமா, வயிற்றெரிச்சலா, பிரித்தறிய முடியவில்லை.

பக்கத்து மேசைக் குரல் கேட்டது,
எங்கள் தமிழிலேயே,
தஞ்சாவூர் வாடைகூட இருந்தது அதில்:

"யாரு போட்டது?"

எங்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.
ஊரடங்குக்கு இன்னும் நேரமிருந்தும்
செருப்பை இருட்டில் துழாவினோம்.
எனக்கு வாய்த்தது ரெண்டும் இடது கால்.